சாலிட்வொர்க்ஸுக்கு என்று சொன்னாலும் கேமிங் பெட்டிதானா?

இயந்திர பாகங்களை 3டி-யில் வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருளை ஓட்ட கம்ப்யூட்டர் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியும் கடையில் கலர் விளக்கு எரியும் கேமிங் பெட்டியைத்தான் காட்டுகிறார்கள். பிராசஸரில் 16 கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி), 24 கோர் என்று அடுக்குகிறார்கள். ஆனால் சாலிட்வொர்க்ஸ் மாடலில் ஒரு அளவை மாற்றினால் அதை நம்பியிருக்கும் ஃபீச்சர்கள் (துளை, வளைவு போன்ற வடிவப் படிகள்) ஒன்றன்பின் ஒன்றாகத்தான் திரும்பக் கணக்கிடப்படும், முந்தையது முடியாமல் அடுத்தது தொடங்காது, அதனால் பெரும்பாலும் ஒரு கோர்தான் உழைக்கிறது, மற்றவை சும்மா கிடக்கின்றன. வேண்டியது அந்த ஒரு கோரின் வேகம். மாடலை நிஜப் படம்போல ஆக்கும் ரெண்டரிங் செய்பவருக்கு நிறைய கோர் உதவும், சரி, ஆனால் என்ன வேலை என்று கேட்டால்தானே தெரியும்! அப்புறம் 32 ஜிபி ரேமை ஒரே ஸ்டிக்காகச் செருகித் தருகிறார்கள். இரண்டு 16 போடுங்கள், டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் டேட்டா போய்வரும்படி ஓடும் என்றால் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார்கள். ஒன்றில்லை, எரிச்சலாக வருகிறது.