ரவுட்டர் பதில் சொல்லவில்லை, பழி மட்டும் லினக்ஸ் மேல்

வீட்டில் இணையம் வரவில்லை என்று புகார் கொடுத்தால் "கம்ப்யூட்டர்ல என்ன சார் போட்டிருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் என்று சொன்னால் போதும், விசாரணை அதோடு முடிந்தது. "அதுக்கு சப்போர்ட் கிடையாது சார், விண்டோஸ் போட்டுப் பாருங்க." வயர் பார்க்கவில்லை, ரவுட்டர் பார்க்கவில்லை, எதிர்முனை பதில் தருகிறதா என்று கேட்கும் பிங் ஒன்றுகூட அடித்துப் பார்க்கவில்லை. தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது. மாதாமாதம் காசு கட்டுகிறவனுக்கு இது எவ்வளவு ஆத்திரமாக இருக்கும்?

எங்கள் வீட்டில் நடப்பது இதுதான். ஃபைபர் இணைப்பு. ரவுட்டரில் பச்சை விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரியும், சிவப்பு விளக்கு வராது. உபுண்டு என்ற லினக்ஸ் வகை போட்ட மேசைக் கணினியில் வைஃபை இணைந்திருக்கும், சிக்னல் முழுசாக இருக்கும், குறியின் மேல் மட்டும் ஒரு கேள்விக்குறி. எந்தத் தளமும் திறக்காது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகும், சாயங்காலம் மறுபடியும் அதே கதை. கேபிள் செருகினாலும் மாற்றமில்லை, ஆகவே வைஃபை மேல் பழி போட வழியில்லை.

இதில் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது பிரம்ம வித்தை இல்லை. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து வரிசையாகக் கேட்டுப் பார்த்தால் போதும். ரவுட்டரின் முகவரி 192.168.1.1. அதற்குப் பிங் அடித்தால் இரண்டு மூன்று மில்லிசெகண்டில் பதில் வருகிறது. அப்படியென்றால் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் கோளாறு இல்லை. அடுத்து வெளியே இருக்கும் கூகுளின் சர்வர், 8.8.8.8. அதற்கும் பதில் வருகிறது, அதாவது ஃபைபர் நன்றாக இருக்கிறது, வெளியுலகம் எட்டுகிறது. அப்புறம் ஒரு தளத்தின் பெயரைப் போட்டுப் பிங் அடித்தால், பெயரைக் கண்டறிவதில் தற்காலிகத் தோல்வி என்று ஒரு வரி. எண்ணைச் சொன்னால் போக முடிகிறது, பெயரைச் சொன்னால் போக முடியவில்லை. ஆக, கோளாறு தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்.

யாருடைய டிஎன்எஸ்? அதையும் கேட்டாகிவிட்டது. டிஎன்எஸ் சர்வரிடம் கேள்வி கேட்கும் டிக் கட்டளையில் நேராக 192.168.1.1-ஐ விசாரித்தால் ஐந்து செகண்ட் காத்திருக்கிறது, மறுபடி ஐந்து, மறுபடி ஐந்து, கடைசியில் எந்த சர்வரையும் எட்ட முடியவில்லை என்று கைவிரிக்கிறது. அதே கேள்வியை, டிஎன்எஸ் வேலை பார்க்கும் 8.8.8.8-இடம் கேட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில். கணினி அதே, கேபிள் அதே, லினக்ஸும் அதே. மாறியது கேட்கப்பட்ட ஆள் மட்டும்தான். ரவுட்டருக்குள் டிஎன்எஸ் கேள்விகளை வாங்கி மேலே அனுப்பும் சின்ன நிரல் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் அந்த நிரல் புதிதாக எழுகிறது, கொஞ்ச நேரம் வேலை செய்கிறது, திரும்பவும் மாட்டிக்கொள்கிறது. இதைவிடத் தெளிவான ஆதாரம் வேறென்ன வேண்டும்?

இதையெல்லாம் திரையில் காட்டினேன். நிறுவனத்திலிருந்து வந்த தம்பி பார்த்தார், அவருக்குப் புரியாமலும் இல்லை. ஆனால் அவர் கையில் இருக்கும் செயலியில் டிஎன்எஸ் என்று ஒரு கட்டமே கிடையாது. ஃபைபரில் வரும் ஒளியின் அளவான ஆப்டிகல் பவர் எவ்வளவு, ஸ்பீட் டெஸ்ட் எவ்வளவு, இவ்வளவுதான் அவர் நிரப்ப முடியும். ரவுட்டரை அணைத்துப் போட்டார், தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் எடுத்தார், வேகம் வந்தது, புகார் மூடப்பட்டது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்கு அத்தனை வீடு ஏறி இறங்கச் சொல்லி, ஒவ்வொரு வீட்டுக்கும் அரைமணிகூட ஒதுக்காமல் அனுப்புகிற நிறுவனத்தின் மேல்தான் கோபம்.

"போன்ல வருதே சார்" என்ற வாதத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. போனில் வருவது எதற்கும் அத்தாட்சி இல்லை. வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்தால் ஆண்ட்ராய்டு போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வைஃபை குறி அப்படியே நிற்கும், ஓரத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறி மட்டும் முளைக்கும், அதை யார் கவனிக்கிறார்கள்? சிம்மின் டேட்டாவை அணைத்துவிட்டு அதே போனில் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், மேசைக் கணினியின் நிலைமைதான் போனுக்கும். இரண்டே தட்டில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமல் "உங்க சிஸ்டம்தான் பிரச்சனை" என்று சொல்வது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை. விண்டோஸ் போட்டிருந்தாலும் அதுவும் இதே 192.168.1.1-இடம்தான் போய் நின்றிருக்கும், இதே மாதிரி பதிலுக்குக் காத்துக் கிடந்திருக்கும்.

லினக்ஸை ஏதோ கேள்விப்படாத வஸ்து மாதிரிப் பேசுவதுதான் எரிச்சலின் உச்சம். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றில் ஓடுவதே லினக்ஸ்தான். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரின் மூல நிரலை 2003-இல் வெளியிட வேண்டிவந்ததே அதனுள் லினக்ஸ் இருந்ததால்தான். அதிலிருந்துதான் 2004-இல் ரவுட்டருக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் கிளம்பியது. தம்பி ஸ்பீட் டெஸ்ட் எடுக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியிலும் லினக்ஸின் மையக்கருவான கெர்னல்தான். தமிழ்நாட்டில் இதை முன்பின் பார்த்ததில்லை என்று சொல்ல முடியுமா? 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் பிள்ளைகள் கைக்கு வந்தது. அந்த பாஸ் லினக்ஸை உருவாக்கியதே சென்னையில் இருக்கும் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்தான். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு லினக்ஸ் என்றால் என்ன என்று கேட்பது நியாயமா?

சரி, ரவுட்டரில் நானே டிஎன்எஸ்ஸை மாற்றிக்கொள்கிறேன் என்றால் அதற்கும் விடுவதில்லை. ரவுட்டர் பக்கத்தில் நமக்குக் கொடுக்கும் பயனர் கணக்கில் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மாற்றலாம், அவ்வளவுதான். வீட்டுக் கருவிகளுக்குத் தானாக முகவரி ஒதுக்கும் டிஎச்சிபி மூலம் எந்த டிஎன்எஸ் முகவரியை அவற்றுக்குக் கொடுப்பது என்ற அமைப்பு நிர்வாகிக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. அந்தக் கடவுச்சொல்லைக் கேட்டால் "கம்பெனி பாலிசி" என்கிறார்கள். 2004-இலேயே வெளிவந்த டிஆர்-069 என்ற நெறிமுறை வழியாக அவர்கள் நினைத்தால் அலுவலகத்திலிருந்தே இந்த ரவுட்டரைத் தொட முடியும், அதற்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்ற முடியும். நாமும் கை வைக்கக் கூடாது, அவர்களும் வைக்க மாட்டார்கள் என்றால் இந்தப் பெட்டியை யார்தான் சரி செய்வது?

லினக்ஸ் பக்கமும் எனக்குக் கோபம் உண்டு. இந்தக் கணினியின் மேல் இருக்கும் அக்கறையில் சொல்கிறேன், மூடி மறைக்க எனக்கு இஷ்டமில்லை. அந்தக் கேள்விக்குறியைப் பாருங்கள். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜருக்கு நிலைமை தெரியும். என்எம்சிஎல்ஐ கட்டளையில் கேட்டால் இணைப்பு வரம்புக்குட்பட்டது என்று ஒப்புக்கொள்கிறது. பெயர்களைக் கண்டறியும் சிஸ்டம்டி-ரிசால்வ்டுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். 192.168.1.1 சரியாகப் பதில் தரவில்லை, அதனால் குறைந்த வசதிகளோடு கேட்டுப் பார்க்கிறேன் என்று ஜர்னல் என்ற பதிவேட்டில் வரி வரியாக எழுதி வைத்திருக்கிறது. கோளாறின் பெயரும் முகவரியும் நேரமும் அங்கே இருக்கின்றன. ஆனால் திரையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது ஒரு கேள்விக்குறி மட்டும். "ரவுட்டர் வரை போகிறது, வெளியே போகிறது, டிஎன்எஸ் மட்டும் பதில் தரவில்லை" என்று அமைப்புகள் சாளரத்தில் ஒரே ஒரு வரி காட்ட என்ன தடை? அந்த வரி இருந்தால் என் அம்மாவே புகார் எண்ணுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டியிருப்பார்.

அறிவுரை தேடினால் இன்னும் மோசம். உபுண்டுவில் டிஎன்எஸ் மாற்றுவது எப்படி என்று தேடுங்கள். 2012-இல் எழுதியது வரும். அப்போது உபுண்டு 12.04 பதிப்பில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் 127.0.0.1-இல் உட்கார்ந்திருந்தது. 17.04-இல் ரிசால்வ்டு வந்து 127.0.0.53 ஆனது. 17.10-இல் நெட்வொர்க்கை அமைக்கும் நெட்பிளான் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு காலத்து வழிமுறையும் தேதி தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கிறது. டிஎன்எஸ் முகவரி இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்து 8.8.8.8 எழுதிவிடு என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். இப்போது அந்தக் கோப்பே ரிசால்வ்டு எழுதும் இன்னொரு கோப்புக்கான சுட்டிதான். நீங்கள் எழுதியது அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது காணாமல் போய்விடும். இன்னும் சிலர் அந்தக் கோப்பை யாரும் தொட முடியாதபடி பூட்டிவிடச் சொல்கிறார்கள். இது கொடுமை. அன்றைக்கு வேலை செய்யும். அப்புறம் அலுவலக விபிஎன் போட்டால் உள் சர்வர் பெயர்கள் கிடைக்காது, ரயில் நிலைய வைஃபையில் நுழைவுப் பக்கம் வராது. பூட்டியது நினைவில் இல்லாதவர் அங்கே நின்று திணறுவார். இப்படிச் சொல்கிறவர்கள் அடுத்தவர் கணினியில் கண்ணிவெடி புதைக்கிறார்கள், கடுமையாகத் தெரிந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

உண்மையில் மாற்ற வேண்டிய இடம் எளிமையானது. வைஃபை இணைப்பின் அமைப்புகளில் ஐபிவி4 தாவலுக்குப் போய் டிஎன்எஸ் எதிரே இருக்கும் "தானியங்கி"யை அணைத்து 1.1.1.1, 8.8.8.8 என்ற பொது டிஎன்எஸ் முகவரிகளைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் சிக்கல். ஐபிவி6 வழியாகவும் ரவுட்டர் தன்னையே டிஎன்எஸ் என்று அறிவித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஐபிவி6 தாவலிலும் தானியங்கியை அணைக்க வேண்டும். அதன் பிறகு இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்து, டிஎன்எஸ் பட்டியலைக் காட்டும் ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று அடித்தால் 192.168.1.1 அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. ஒரு பழைய கோப்பையும் தொட வேண்டாம், எதையும் பூட்ட வேண்டாம். இப்படித்தான் என் மேசைக் கணினி இப்போது ஓடுகிறது.

வைஃபை விட்டு விட்டு அறுபடுவது தனிக் கதை, டிஎன்எஸ்ஸோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உபுண்டுவில் நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்.டி அடைவுக்குள் மின் சேமிப்புக்கென்று ஒரு கோப்பு இருக்கும், அதில் வைஃபை பவர்சேவ் மதிப்பு 3 என்று இருக்கும். சில வைஃபை சிப்புகளுக்கு அது ஒத்துவராது. 2 என்று மாற்றினால் மின் சேமிப்பு அணைந்துவிடும், பல மடிக்கணினிகளில் அறுபடுவது அத்தோடு நிற்கும். கெர்னல் புதுப்பித்த பிறகு வைஃபையே காணாமல் போனால், தனியாக நிறுவிய டிரைவர் புதிய கெர்னலுக்குக் கட்டப்படாமல் நின்றிருக்கலாம், அல்லது கையொப்பமில்லாத டிரைவரை ஏற்காத செக்யூர் பூட் அதை உள்ளே விடாமல் தடுத்திருக்கலாம். அப்போது போனை யூஎஸ்பி கேபிளில் செருகி அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங் போட்டுக்கொண்டு டிரைவரைச் சரி செய்யலாம். இதற்கெல்லாம் மொத்தமாக அழித்துவிட்டு ரீஇன்ஸ்டால் பண்ணச் சொல்கிற ஆட்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்த வன்தட்டில் பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன, பத்திரங்களின் ஸ்கேன் இருக்கிறது. ஒரு மின் சேமிப்பு எண்ணுக்காக அதையெல்லாம் பணயம் வைப்பதா?

என் கணினி ஓடுகிறது என்பதால் இந்தப் புகாரை விட்டுவிட எனக்கு மனமில்லை. முன்னறையில் இருக்கும் டிவியில் டிஎன்எஸ் மாற்ற வழி இல்லை. வாசல் கேமரா ரவுட்டர் சொன்ன முகவரியைத்தான் கேட்கும். அம்மாவின் போன் தினமும் சாயங்காலம் மொபைல் டேட்டாவைத் தின்றுவிடுகிறது, தினசரி டேட்டா தீர்ந்ததும் அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கும் வீடியோ கால் பாதியில் நிற்கிறது. இவையெல்லாம் லினக்ஸ் மேசைக் கணினிகளா? ஒரே ரவுட்டரை நம்பி நிற்கும் வீடு இது. அந்த ரவுட்டரின் ஃபர்ம்வேரை மாற்ற வேண்டும், இல்லை பெட்டியை மாற்ற வேண்டும், அதுவும் முடியாதென்றால் டிஎச்சிபி அமைப்பைத் திறந்துவிட வேண்டும். மூன்றில் ஒன்று. நான் தயவு எதுவும் கேட்கவில்லை, கட்டிய பணத்துக்கான சேவையைத்தான் கேட்கிறேன்.

நேற்று குறுஞ்செய்தி வந்தது. புகார் முடிக்கப்பட்டதாம், காரணம் வாடிக்கையாளரின் கருவியில் கோளாறாம். உடனே மறுபடி திறந்துவிட்டேன். ரவுட்டரிடம் கேட்டது, 8.8.8.8-இடம் கேட்டது என்று இரண்டு டிக் வெளியீடுகளையும் நேரத்தோடு சேர்த்து இணைத்திருக்கிறேன், சிம் டேட்டாவை அணைத்துவிட்டு அம்மாவின் போனில் எடுத்த திரைப்பிடிப்பும் கூடவே இருக்கிறது. அடுத்து பேசுகிறவர் அதைப் படித்துவிட்டுப் பேசட்டும். கணினியில் என்ன போட்டிருக்கிறேன் என்று இன்னொரு முறை கேட்டால், எங்கள் வீட்டிலிருக்கும் டிவியில் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் சொல்லச் சொல்வேன்.