ஓட்டுநர் பயிற்சியால் புகை குறையாதா?

"புகை வண்டியின் வயதால் வருவது, ஓட்டுநருக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் காற்று மாறாது. டீசல் இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் செலவு அதிகம்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

வண்டியின் வயதும் பராமரிப்பும் முக்கியம், சரி. ஆனால் அதே வண்டி, அதே டீசலிலும் ஓட்டும் விதம் மாறினால் புகை மாறும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ கருவி போதிய காற்றைத் தள்ளும் முன்பே டீசல் கூடுதலாகப் பாய்கிறது. முழுதாக எரியாத அந்த டீசல்தான், பஸ் கிளம்பும்போது பின்னால் நிற்பவர் முகத்தில் அடிக்கும் கரும்புகை. நிதானமாக மிதித்து, நேரத்தோடு கியர் மாற்றினால் அது வெகுவாகக் குறையும்.

இன்ஜின் விஷயத்துக்கு வருவோம். நின்ற இடத்தில் சும்மா ஓடும் பஸ் இன்ஜின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டரோ அதற்கு மேலோ டீசல் குடிக்கும். மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் டீசல் மிகக் கொஞ்சம். நீண்ட ஓட்டம் முடிந்ததும் டர்போ ஆற ஓரிரு நிமிடம் விடலாம். அரை மணி நேரம் தேவையே இல்லை.

1978-ல் தொடங்கிய மத்திய அரசின் பிசிஆர்ஏ (பெட்ரோலியம் சேமிப்பு ஆராய்ச்சி சங்கம்) அமைப்பு, எரிபொருளைச் சேமித்து ஓட்டும் பயிற்சியைப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர்களுக்கு அளித்து வருகிறது. ஒருமுறை வகுப்பு எடுத்துவிட்டு அப்படியே விட்டால் பழைய பழக்கம் திரும்பிவிடும் என்பதும் உண்மைதான். அதற்கு வழி மறுபயிற்சி. பயிற்சியே வீண் என்பதல்ல.