1994 உலகக் கோப்பையில் மாரடோனா பிடிபட்டது கோகெயினால் அல்ல

"1994 உலகக் கோப்பையில் கோகெயின் போட்டுக்கொண்டு ஆடியதால் மாரடோனா விரட்டப்பட்டார்" என்று அர்ஜென்டினா கால்பந்து வீரர் மாரடோனாவைப் பற்றி ஒரு பதிவு சுற்றி வருகிறது. கிரீஸுக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு, கண்களை உருட்டிக் கேமராவை நோக்கி அவர் கத்தும் படம்தான் சாட்சியாம்.

இது தவறு. கிரீஸ் ஆட்டம் நடந்தது ஜூன் 21. அவர் சிக்கியது ஜூன் 25-இல் நைஜீரியாவுடன் ஆடிய பிறகு ஊக்கமருந்துச் சோதனைக்காக எடுத்த சிறுநீர் மாதிரியில். அதில் இருந்தது எபெட்ரின் வகை ஊக்கமருந்துகள். சளி மருந்துகளிலும், அப்போது உடல் எடை குறைக்க விற்ற மருந்துகளிலும் இருந்த பொருள் அது. எடை குறைப்பதற்காகத் தனக்குக் கொடுத்த மருந்தில் அது கலந்திருந்தது தெரியாது என்றார் அவர். சரி, அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். விதிப்படி அது குற்றம்தான், தண்டனையும் நியாயம்தான். ஆனால் அது கோகெயின் அல்ல.

கோகெயினில் அவர் சிக்கியது 1991 மார்ச்சில், இத்தாலியில் நாப்போலி அணிக்காக பாரி அணியுடன் ஆடிய பிறகு. இரண்டுக்கும் 15 மாதத் தடை. குழப்பத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கோகெயின் பழக்கத்தை அவரே பிற்பாடு வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பார்சிலோனாவில் இருந்தபோது தொடங்கியதாகவும் சொன்னார். அது பல ஆண்டுகள் அவரை வதைத்த நோய். இறந்துபோன மனிதர்மேல், அவர் செய்யாத தவறையும் சேர்த்து ஏற்றாதீர்கள். அந்தப் பதிவைப் பகிர்ந்திருந்தால் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.