பாகிஸ்தான் இஸ்லாமியக் குடியரசானது 1956-இல்

பாகிஸ்தான் 1947 ஆகஸ்ட் 14 அன்றே இஸ்லாமியக் குடியரசாகப் பிறந்தது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். தேதி சரி. ஆனால் அன்று பிறந்தது குடியரசு அல்ல, பிரிட்டிஷ் மன்னரைத் தலைவராகக் கொண்ட டொமினியன். ஜின்னா வகித்த பதவியும் மன்னரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல்தான், ஜனாதிபதி அல்ல. புது நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதி முடிக்கவே கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் இழுத்துவிட்டது. 1949 மார்ச்சில் பிரதமர் லியாகத் அலி கான் கொண்டுவந்த, அரசியல் சட்டத்துக்கான குறிக்கோள் தீர்மானம் இஸ்லாமிய நெறிகளைப் பேசியது உண்மை, ஆனால் அது நாட்டின் பெயரை மாற்றவில்லை. 'இஸ்லாமியக் குடியரசு' என்ற பெயர் 1956 மார்ச் 23 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தோடுதான் வந்தது.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். 1947 இந்திய சுதந்திரச் சட்டம் பிரிட்டிஷ் அரசின் சட்டத் தளத்தில் இருக்கிறது. முதல் பிரிவிலேயே 'இரண்டு டொமினியன்கள்' என்று பார்க்கலாம். அப்புறம், 1953-இல் பிரிட்டிஷ் ராணி எலிசபெத் முடிசூடியபோது எடுத்த உறுதிமொழியைத் தேடிப் படியுங்கள். தன் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளாக அவர் சொன்ன வரிசையில் பாகிஸ்தான் இருக்கிறது, அதற்கடுத்து நம் பக்கத்து இலங்கையும்.