எல்லாப் புதைந்த பல்லையும் பிடுங்க வேண்டாம்

'புதைந்த கடைவாய்ப்பல்லைக் (முளைக்க இடமில்லாமல் ஈறுக்குள்ளோ எலும்புக்குள்ளோ சிக்கிய பல்) கண்டதும் எடுத்துவிடுங்கள்' என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே போடாகப் போட்டுவிட்டது. சாய்ந்து கிடந்து பக்கத்துப் பல்லைச் சொத்தையாக்கும் பல் என்றால் சரி. தலைகீழாகவோ தாடையின் அடிவிளிம்பு வரை இறங்கியோ கிடப்பது வேறு கதை.

சின்ன எக்ஸ்ரேயில் அவை பாதிதான் விழும். ஓபிஜி, அதாவது இரண்டு தாடையும் முழுசாக விழும் எக்ஸ்ரே வேண்டும். அதில் கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்புக் குழாயின் வெள்ளைக் கோடு வேரிடம் அறுந்திருந்தாலோ, வேர் அங்கே கறுத்திருந்தாலோ அடுத்தது சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன். நரம்பு கன்னப்பக்கமா நாக்குப்பக்கமா என்று அதில்தான் துலங்கும். வேர் நரம்பை ஒட்டியிருந்தால் பல்லின் தலையை மட்டும் அறுத்தெடுத்து, வேரை எலும்பின் மேல்விளிம்புக்கு 3 மி.மீ. கீழே விட்டுவிடலாம். அறுக்கும்போது வேர் ஆடிவிட்டால் முழுதும் எடுத்தே ஆகணும். வேர்வரை சொத்தை இறங்கியிருந்தாலும் இந்த வழி ஆகாது.

எக்ஸ்ரேயில் பல்லின் தலையைச் சுற்றிய கறுப்பு வளையம் 3 மி.மீ.க்கு மேல் அகன்றால் நீர்க்கட்டியோ என்று சந்தேகப்பட வேண்டும். பல்லோடு எடுத்த, அதைச் சுற்றியிருந்த பையைக் குப்பையில் போடாமல் பயாப்சிக்கு அனுப்புங்கள்.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் இன்னொன்று: வெற்றிலை சீவல். வாய் திறக்கவில்லை என்றதும் பல்லின் மேல் பழி போடுவார்கள். நாலு நாளில் இறுகினால் பெரும்பாலும் சீழ். மாதக்கணக்கில் இறுகி, கன்னத்தின் உட்புறம் வெளிறிப் பட்டை பட்டையாகத் தட்டுப்பட்டால் அது பாக்கின் வேலை; பல்லை எடுத்தாலும் வாய் திறக்காது.

பல் எடுத்த மூன்றாம் நாள் காதுவரை வலி தெறித்து நாற்றமும் வந்தால் அது 'டிரை சாக்கெட்': குழியில் ரத்தக்கட்டு போய் எலும்பு வெளியே தெரிகிறது. ஆன்டிபயாடிக் மட்டும் போதாது, குழியைக் கழுவி மருந்து வைக்கணும்.