5 கிலோ ஹஷீஷும் 38 வருஷமும்

கஞ்சா எண்ணெய் சகல நோயையும் தீர்க்கும் என்று ஒரு ஃபார்வர்டு. கஞ்சா என்று வாயால் சொன்னாலே பாவம் என்று இன்னொன்று. ஒரே வாட்ஸப் குழுவில், ஒரே நாளில். ரெண்டு கட்சிக்காரர்களுமே ரஃபேல் மெக்கூலம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

1930-இல் பல்கேரியாவில் பிறந்து இஸ்ரேலில் குடியேறிய வேதியியலாளர் இவர். அபினிலிருந்து மார்பினையும் கோகா இலையிலிருந்து கோகெயினையும் 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். கஞ்சாவில் போதை தருவது எது என்பது மட்டும் 1960 வாக்கிலும் பிடிபடவில்லை. மெக்கூலம் போலீஸிடம் போய், அவர்கள் பறிமுதல் செய்து வைத்திருந்த லெபனான் ஹஷீஷில், அதாவது கஞ்சாப் பிசினில், 5 கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். என்ன வாசனை இது என்று பஸ்ஸில் இருந்தவர்கள் கேட்டார்களாம். சுகாதார அமைச்சகத்தின் அனுமதி இல்லாததால் கொடுத்த போலீஸும் வாங்கிய இவரும் சட்டத்தை மீறியிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது! 1964-இல் யெகியேல் கயோனியோடு சேர்ந்து போதை தருகிற அந்தப் பொருளை, டிஎச்சி-யை, தூய்மையாகப் பிரித்து, அதன் அமைப்பையும் சொன்னார்.

எல்லோரும் இதற்காகத்தான் அவரைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. பூட்டில் சாவி மாதிரி டிஎச்சி போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பி மூளையில் இருப்பதை 1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹௌலெட்டும் வில்லியம் டெவேனும் காட்டினார்கள். எங்கோ முளைக்கிற ஒரு செடிக்காகவா மூளை பூட்டு செய்து வைத்திருக்கும்? உடம்பே செய்கிற சாவி ஒன்று இருந்தாக வேண்டும். 1992-இல் மெக்கூலத்தின் குழு அதைப் பன்றி மூளையிலிருந்து எடுத்தது. வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆமாம், நம் ஊர் ஆனந்தனிலும் ஆனந்தியிலும் இருக்கிற அதே ஆனந்தம்தான். இந்த வகைப் பொருள்கள் சேதியை வாங்குகிற நரம்பணுவிலிருந்து பின்னோக்கிப் போய், அனுப்பியவனிடமே 'போதும், குறைத்துக்கொள்' என்கின்றன.

இனி என் ஆத்திரம். கஞ்சாவில் போதை தராத சிபிடி என்றொரு சரக்கும் உண்டு. பிரேசில் ஆய்வாளர்களோடு சேர்ந்து மெக்கூலம் அதை வலிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தினம் 200 முதல் 300 மில்லிகிராம், 8 பேருக்கு. 4 பேருக்கு வலிப்பு கிட்டத்தட்ட நின்றேவிட்டது. முடிவு வெளியானது 1980-இல். சின்ன ஆய்வுதான், சரி. அப்படியென்றால் அடுத்து பெரிதாகச் செய்து பார்த்திருக்க வேண்டாமா? அமெரிக்காவில் கடும் குழந்தைப்பருவ வலிப்புகளுக்கு அந்தச் சிபிடி மருந்தாக அனுமதி பெற்றது 2018-இல். நடுவே 38 வருஷம். செடியின் கெட்ட பெயர்தான் இதற்கு முக்கியக் காரணம் என்பேன். மெக்கூலம் 2023 மார்ச்சில் தன் 92-ஆவது வயதில் இறந்தார். மருந்து வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அனுமதி கிடைத்தது சுத்திகரித்து, அளந்து, மருத்துவர் எழுதிக்கொடுக்கிற மருந்துக்கு. எண்ணெய் ஃபார்வர்டு அனுப்புகிற அண்ணன்மாரே, உங்கள் பாட்டிலில் ஒரு சொட்டுக்கு எத்தனை மில்லிகிராம் என்று விற்றவரிடம் கேட்டுச் சொல்லுங்களேன்.