‘2019இல்’ என்று எழுதினால் விரலுக்கு 20199 என்று வருகிறது

பிரெயில் டிஸ்ப்ளே (திரையில் உள்ளதைப் புள்ளிகளாக எழுப்பி விரலால் படிக்கத் தரும் கருவி) என்றாலே நம் பேச்சு விலையில்தான் போய் நிற்கிறது. விலை பெரிய பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் கருவி கைக்கு வந்த பிறகும் அதில் தமிழை ஒழுங்காகப் படிக்க முடியாவிட்டால், அந்தக் குறை கருவியில் இல்லை. திரையில் உள்ளதைப் பேச்சாகவும் பிரெயிலாகவும் தரும் திரைவாசிப்பான் மென்பொருளின் அமைப்பிலும், தமிழ் எழுத்தைப் புள்ளிகளாக மாற்றும் அட்டவணையிலும் இருக்கிறது. அதைச் சரிசெய்யத் தமிழ் பிரெயில் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். வெளியிலிருந்து யாரும் வந்து செய்துதர முடியாது.

தலைப்பில் உள்ளதையே பாருங்கள். தமிழுக்கும் மற்ற இந்திய மொழிகளுக்குமான பாரதி பிரெயிலில் ஒவ்வொரு செல்லிலும், அதாவது ஒரு குறிக்கான கட்டத்திலும், 1 முதல் 6 வரை எண்ணிட்ட புள்ளிகள்; அவற்றில் எவை எழுகின்றன என்பதே குறி. ‘இனி வருவது எண்’ என்று சொல்லும் எண் குறி 3456, அதாவது 3, 4, 5, 6 ஆகிய புள்ளிகள். அதன் பின் 2, 0, 1, 9. ஒன்பதுக்குப் புள்ளிகள் 24. ஒட்டி வரும் ‘இ’க்கும் அதே 24. நேராக மாற்றினால் விரலுக்குக் கிடைப்பது ‘20199ல்’. அ, ஏ, ச, ஜ, ஹ எல்லாவற்றுக்கும் இதே கதி. ‘5ஏக்கர்’ 55 ஆகிவிடும். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் நடுவே 56 போட்டுப் பிரிப்பார்கள். தமிழில் 56 என்பது ‘ன’, ஆகவே அது உதவாது. எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே 36, அதாவது சிறுகோடு, தானாக வர வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை எழுதுபவர்கள் ‘2019-இல்’ என்று கோடு போட்டு எழுதினாலே பெரிய உதவி.

இன்னொன்று: எண் குறியும் ‘ண’வும் ஒரே 3456. ‘ணி’யும் 9-உம் ஒரே புள்ளிகள். ‘மணி 9’ என்பதில் இடைவெளி இருப்பதால் பிழைத்துக்கொள்ளலாம். ‘பி9 இருக்கை’ என்று சேர்த்து எழுதினால் ‘பிணி இருக்கை’தான். டிஸ்ப்ளேயின் விசைகளில் தட்டச்சு செய்யும்போதும் இதே குழப்பம். காதால் கேட்பவருக்கு இதெல்லாம் தெரியவே வராது. அதனால்தான் புகாரும் எழுவதில்லை.

என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்கள் இன்றே செய்யக்கூடியவை சில. என்விடிஏ விசை, கன்ட்ரோல், ஏ மூன்றையும் அழுத்தினால் டிஸ்ப்ளே தேர்வு வரும். அது முடிந்ததும் பிரெயில் அமைப்புக்குப் போய் வெளியீட்டு அட்டவணை, உள்ளீட்டு அட்டவணை இரண்டையும் தமிழுக்கு மாற்றுங்கள். ஆங்கில அட்டவணையிலேயே விட்டால், அதில் இல்லாத ஒவ்வொரு தமிழ் எழுத்தும் யூனிகோட் எண்ணாக (கணினியில் அந்த எழுத்துக்குரிய எண்) வந்து எட்டு செல்லைத் தின்றுவிடும். இதைப் பார்த்துவிட்டு ‘கருவிக்குத் தமிழ் வராது’ என்று பெட்டியில் மூடி வைப்பவர்கள் உண்டு.

அதே இடத்தில், பல விதமாகப் பதிவான ஒரே எழுத்தை ஒரே வடிவமாக்கும் யூனிகோட் இயல்பாக்கத்தையும் இயக்குங்கள், 2024.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. சில கோப்புகளில் ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகப் பதிவாகியிருக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விரலுக்கு ‘ஒ’கரத்தின் 1346 வராமல் 26, 345 என்று இரண்டு செல் வரும். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடித்து வைத்திருந்தால் மட்டும் இது காப்பாற்றாது.

20 செல் கருவி வைத்திருப்பவர்கள் சொல்லை உடைக்காமல் காட்டும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. ‘தமிழ்நாடு’ 9 செல். ‘எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்’ 28 செல், எப்படியும் உடையும். அந்த வசதி இயங்கினால் அடுத்த சொல் கொள்ளவில்லை என்று பாதி வரி காலியாகக் கிடக்கும். திரைவாசிப்பான் காட்டும் செய்தி டிஸ்ப்ளேயில் நிற்கும் நேரம், நாம் மாற்றாதவரை, 4 நொடி. தமிழ்ச் செய்திக்கு அது போதாது, கூட்டுங்கள்.

பெரிய குறை, கலப்பு மொழி. பேச்சொலி மொழிக்கு ஏற்பக் குரலை மாற்றிக்கொள்கிறது. பிரெயிலிலோ வரி முழுவதற்கும் ஒரே அட்டவணை. ஆங்கில ‘கே’யும் தமிழ்க் ‘க’வும் ஒரே 13 என்பதால், ஒரு மின்னஞ்சல் முகவரி தமிழ் வாக்கியத்துக்குள் வந்தால் எது எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது. எழுத்து வடிவத்தைப் பார்த்து அட்டவணை தானே மாற வேண்டும், மாறும் இடத்தில் ஒரு குறியும் வர வேண்டும். இப்போதைக்குத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி அமைவு வடிவங்கள் (சேமித்து வைக்கும் அமைப்புத் தொகுப்புகள்) உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விசைக் கட்டளை ஒதுக்கிக்கொள்ளலாம்.

திரைவாசிப்பானைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். திரையில் இருப்பது பொத்தானா, இணைப்பா என்று டிஸ்ப்ளேயில் காட்ட ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம் இருக்கிறது. தமிழில் ‘பொத்தான்’ என்று முழுதாக வைத்தால் 8 செல் போயிற்று. ‘பொத்’ என்றால் 4.

அட்டவணை என்பது வெறும் உரைக் கோப்புதான். என்விடிஏவும் இன்னும் பல திரைவாசிப்பான்களும் எடுத்துக்கொள்ளும் லிப்லூயி என்ற திறமூல நிரலகத்தில் இருக்கிறது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. உள்ளீடாக ஒரு தமிழ்ச் சொல், எதிரே வர வேண்டிய புள்ளிகள் என்று இரண்டிரண்டாக எழுதித் தந்தால் அதுவே சோதனைக் கோப்பாகிவிடும். கருவி இல்லாதவர்களும் என்விடிஏவின் கருவிகள் பட்டியலில் உள்ள பிரெயில் காட்டியைத் திறந்து திரையிலேயே சரிபார்க்கலாம். ‘2019இல்’, ‘5ஏக்கர்’, ‘மணி 9’, ‘பி9’, இரண்டு விதமாகப் பதிவான ‘கொ’: முதலில் இந்த ஐந்தையும் உங்கள் கணினியில் ஓட்டி, என்ன புள்ளிகள் வருகின்றன, எந்தப் பதிப்பு, எந்த அட்டவணை என்று கீழே எழுதுங்கள்.